சிகரெட் புடிக்கிற காக்கா

சிகரெட் நுனி பட்டதும் நைலான் வலை பொசுக்கென்று சுருங்கி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்தது.

மொட்டை மாடியில் காயும் நெத்திலிக் கருவாட்டைக் காக்காய் தூக்காமல் இருக்க என் மனைவி பூவாயி கட்டியிருந்த வலை.

ஒளிந்து புகைக்க அதைவிட நல்ல இடம் முதலியார்பேட்டையிலேயே கிடையாது. கருவாட்டு நாற்றத்தை மீறி எந்தச் சிகரெட்டாலும் தலையெடுக்க முடியாது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த பிறகு என் மூளை கண்டுபிடித்த ஒரே உருப்படியான விஷயம் இதுதான்.

இனி தொடமாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சத்தியம் செய்தவன் நான். அதுவும் என் தலையில் அடித்தல்ல, அவள் தலையில் அடித்து.

நெத்திலிகள் அத்தனையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மீனுக்கு இமை கிடையாது.

கீழே வந்ததும் பூவாயி என் கையில் பிரஷர் மெஷின் பட்டையைச் சுற்றினாள். நூற்று அறுபதைத் தாண்டித்தான் நின்றது.

நிற்காமல் என்ன செய்யும்? புகையை இழுத்தால் ரத்தக்குழாய் சுருங்கும், இதயம் முட்டிமோதி வேலை செய்யும் என்று டாக்டர் படம் வரைந்தே காட்டியிருந்தார். படம் நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டு வந்தவன் நான்.

முதல் தடவை இப்படி ஏறியபோது, வாய் கூசாமல் பழியைக் கருவாட்டு உப்பின் மேல் போட்டேன்.

அன்றோடு அவள் கருவாடு சமைப்பதை விட்டாள். தின்பதையும் விட்டாள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவள், தவளக்குப்பம் மார்க்கெட்டில் காலையெல்லாம் அதை விற்றுவிட்டு வந்து, வெறும் ரசம் ஊற்றிப் பிசைந்து விழுங்குகிறாள். எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன். எனக்கு நன்றாகவே இறங்குகிறது. அதுதான் கேவலம்.

சாயங்காலம் கருவாடு அள்ள மாடிக்குப் போனவள், வலையோடு இறங்கி வந்தாள்.

"காக்கா கொத்திடிச்சி போலக்குதே," என்றேன்.

உருகி மணிமணியாக இறுகிப்போயிருந்த விளிம்பை விரலால் நெருடினாள்.

"ஆமா. சிகரெட் புடிக்கிற காக்கா."

சிரிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, ஊசியில் நீல நூலைக் கோத்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த வெள்ளை வலையில் அங்கங்கே பழைய நீல முடிச்சுகள். எல்லாம் இரண்டு விரல் அளவு. எல்லாம் நான் வழக்கமாக உட்காரும் மூலையில்.

என் ஜோக்கெல்லாம் எங்கோ ஓடிப்போயிருந்தன.

"தெரிஞ்சேவா கருவாட்ட உட்ட? ஏன்டி?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நான் ஒண்ண உட்டா, நீயும் ஒண்ண உடுவன்னு பாத்தேன்."