உப்பு தொடாத நெத்திலி

தீக்குச்சி உரசியதும் பற்றிக்கொண்டது.

அவன் அதை அடுப்பில் வைக்கவில்லை. சுடர் விரலை நெருங்கும்வரை பார்த்தபடி நின்றான்.

"கொழுந்தனாரே, அடுப்பப் பத்தவைக்கணும். குச்சிய இல்ல," என்றாள் ஜெனோவா.

அது அவள் வீட்டு அடுப்படி. அவள் கணவன் வியாகப்பன் அடுத்த அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எஞ்சின் செத்த வள்ளத்தில், நடுக்கடலில், பல நாள், வியாகப்பனும் தம்பியான அவனும்தான் மிதந்து கிடந்தார்கள். நனையாத தீக்குச்சி ஒன்றுகூட இல்லை. அகப்பட்ட மீனைப் பச்சையாகப் பாதிப் பாதியாய்க் கடித்தார்கள்; குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, வாயெல்லாம் கடலுப்பு.

கரைக்கு வந்ததும் அவன் சோறு தின்றான்.

வியாகப்பன் தின்னவில்லை. கஞ்சி கொடுத்தால் துப்பினான். ரசம் கொடுத்தாலும் துப்பினான். பேச்சும் நின்றுபோனது. வாய்ப்புண் ஆறிவிட்டது, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர்.

"சாயங்காலத்துக்குள்ள ஒண்ணும் எறங்கலன்னா ஆசுபத்திரில மூக்கு வழியா குழாய் போடுவாங்களாம்." அவள் வெள்ளரிக்காயைக் கழுவினாள். "கடல்ல பச்சமீனு எறங்கிச்சு. நான் வச்ச கஞ்சிதான் ஆகல தொரைக்கு."

அவன் நெத்திலியின் தலையைக் கிள்ளிக் குடலை எடுத்தான். மஞ்சளும் மிளகுப்பொடியும் தூவினான். அரிசி மாவில் புரட்டினான்.

அவள் உப்புச் சிரட்டையை நகர்த்தி வைத்தாள்.

அவன் அதைத் திரும்ப நகர்த்தினான்.

"உப்பு வேண்டாம் மைனி."

"உப்பில்லாம மீனா? பூனகூட மோந்துட்டுப் போயிரும்."

"கஞ்சில போட்டியளா?"

"போடாம?"

"ரசத்துல?"

அவள் கை சிரட்டையின் மேலேயே நின்றது.

அவனும் வெறுஞ்சோறுதான் தின்றுகொண்டிருந்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. குழம்பை ஓரமாய் ஒதுக்கிவிடுவான். உப்பில் பிழைக்கிற ஊரில் இதை யாரிடம் போய்ச் சொல்வது.

மீன்களை எண்ணெயில் விட்டான்.

சட்டி இரைந்தது. ஒவ்வொரு மீனையும் சுற்றிக் குமிழிகள் மொய்த்தன. ஈரம் அத்தனையும் அவற்றோடு மேலேறி, வெடித்து, இல்லாமல் போனது.

இவ்வளவு சுளுவாகப் போகுமா அது?

தன் முழங்கையைத் தடவிக்கொண்டான். அவன் தோலில் அந்த ஈரம், கடலில் கிடந்த அத்தனை நாளும் காயவே இல்லை.

சத்தம் அடங்கியது. மீன்கள் பொன்னிறமாய், சருகுபோல் விறைத்து மேலே வந்தன.

அவள் வெள்ளரிக்காயை வில்லைகளாக நறுக்கினாள். வெட்டிய முகமெங்கும் நீர் முத்து முத்தாய் அரும்பியது. துணியை எடுத்தாள்.

"தொடைக்காதீங்க."

இருவரும் பார்த்தார்கள். உப்பு மண் சூழ்ந்த ஊருக்கு, எங்கோ ஒரு கொடி நல்ல தண்ணீரைப் பச்சைத் தோலில் கட்டி அனுப்பியிருந்தது.

அவள் கொத்தமல்லித் தழையையும் தேங்காய்த் துருவலையும் தூவினாள். சிரட்டைப் பக்கம் போன கையை அவளே இழுத்துக்கொண்டாள்.

அவன் தட்டோடு போய்க் கட்டிலின் ஓரம் உட்கார்ந்தான். ஒரு நெத்திலியைக் கடித்தான்.

மொறுக்.

இன்னொன்று.

வியாகப்பனின் தோள் அசைந்தது.

"என்ன சத்தம்லே அது?"

வாசலில் ஜெனோவா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீனுதான். உப்பு போடல."

அவன் இன்னொன்றைக் கடித்தான். பிறகு, முகம் திரும்பாமலே, வியாகப்பனின் கை மட்டும் பின்னால் வந்தது. ஒரு நெத்திலியை எடுத்தது. நாக்கில் வைத்துக் காத்திருந்தான் போல.

மொறுக்.

மெல்ல எழுந்து உட்கார்ந்தான் வியாகப்பன். ஒரு வெள்ளரி வில்லையை எடுத்தான். பாதியைக் கடித்தான். கண்கள் மூடிக்கொண்டன. உதட்டோரம் வழிந்த நீரை விரலால் தடுத்து, விரலையும் சப்பினான்.

மீதிப் பாதியைத் தம்பியிடம் நீட்டினான்.

"தட்டு நெறைய கெடக்குல்லா..." என்று தொடங்கிய ஜெனோவா பாதியில் நிறுத்தினாள்.

அவன் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டான்.