முதல் போணி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கு வந்திருந்த லேக் மார்க்கெட் காய்கறிக்காரிகள் நாற்பது பேரில் முதலில் எழத்தான் ஆளில்லை. இன்னும் சற்று நேரத்தில் கடை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். நர்ஸ் வாசுகிக்குப் பொறுமை போய்விட்டது. வங்காளிகளுக்குப் புரியாதென்ற தைரியத்தில், பக்கத்திலிருந்த முகாம் டாக்டர் மீனாக்ஷியிடம் தமிழில் கெஞ்சினாள்.

“நீங்களாவது முதல்ல படுங்க மேடம். ரெண்டு நிமிஷம், நானே பார்த்துடறேன்.”

“எனக்கென்ன, வலியா, ரத்தப்போக்கா?”

“வலி வந்தப்புறம் பார்க்கவா இந்த டெஸ்ட்?”

“துர்கா பூஜை முடியட்டும்டி.”

“போன வருஷமும் இதே பூஜைதானே! உங்களோட மல்லுக்கட்டியே நான் கிழவியாயிடுவேன்.”

முன்வரிசைக் கத்தரிக்காய்க்காரி எழுந்தாள். முப்பது வருஷமாகத் தமிழ் மாமிகளிடம் பேரம் பேசியவள்.

“நீங்க திங்காத சரக்கை எங்க தலையில கட்டுறீங்களே!” என்றாள், தமிழிலேயே. “முதல் போணி நீங்க பண்ணுங்க, டாக்டரம்மா!”