யார் மேல் பிராது

அமுதவள்ளி அம்மா தாளை இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாத மாதிரி.

நான் அவர் செருப்புக்குக் காவல் நிற்பவன் போல இரண்டடி தள்ளி நின்றேன். கண் மட்டும் அந்தத் தாளை விட்டு நகரவில்லை.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குச் சாமி கும்பிடவும் வருவார்கள், பிராது கொடுக்கவும் வருவார்கள். கெடுதல் செய்தவர் பெயரை எழுதி வேலில் கட்டிவிட்டால், மூன்று மாதத்துக்குள் முருகன் விசாரித்துவிடுவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கும் அது உண்டு.

அம்மா யார் மேல் எழுதுகிறார்?

விருத்தாசலத்தில் அவருடைய பீங்கான் கம்பெனியில் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து அனுப்புவேன்.

போன வாரம் பத்துக்கு மூன்று கணீரென்று கேட்கவில்லை. உள்ளே கீறல். ஈரக்கையோடு தொடுகிறவனுக்கு உயிர் போய்விடும். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"லாரி நிக்குது, ஏத்துங்க" என்றார் அம்மா.

ஒரு மாதத்துக்கு முன்னால்தான் முதலாளிகள் சங்கத்துக்குத் தலைவி ஆனார். கல்யாண மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக, கையை நீட்டி உறுதிமொழி வாசித்தார். தன் சூளையில் வெந்த பொருளால் ஒருவருக்கும் கெடுதல் வர விடமாட்டேன் என்று. உள்ளங்கை சிவக்கக் கை தட்டியவன் நான்.

லாரி வேப்பூரைத் தாண்டுவதற்குள், சரக்கு வாங்குகிறவருக்கு நானே போன் செய்துவிட்டேன். பெயர் சொல்லவில்லை.

நேற்று அத்தனை பெட்டியும் திரும்பி வந்தது.

போன் செய்தது யார் என்று அம்மா ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, கோயிலுக்கு வண்டி எடுக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

வேலை போனால் இந்த வயதில் எந்தச் சூளையில் சேர்த்துக்கொள்வார்கள்? அதைக்கூடச் சமாளிக்கலாம். சாமியிடம் என்ன சொல்வது?

எழுதி முடித்தவர் தாளை என்னிடமே நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க கோதண்டபாணி. தப்பு இருந்தா சொல்லுங்க."

கண் நேராக என் பெயரில்தான் போய் விழுந்தது. கடைசி வரி.

வேறு வழியில்லாமல் மேலிருந்து படித்தேன்.

பிராது கொடுப்பவர், அமுதவள்ளி. எதிரி, அதே அமுதவள்ளி, அதே முகவரி. குற்றம், நூறு பேர் முன்னால் செய்த சத்தியத்தை ஒரே மாதத்தில் மீறியது.

சாட்சி, போன் செய்து சொன்ன கோதண்டபாணி.