ஐந்து தொட்டி, ஒரே தண்ணீர்

“அஞ்சையும் ஒண்ணாச் சேத்துடுங்க பாய். இனிமே தனித்தனியா வச்சிக் காப்பாத்த முடியாது.”

இருதயமேரி சொன்னதும், குழாய் வேலைக்கு வந்திருந்த காதர் பாட்சாவின் பார்வை தானாக அவள் புருஷன் பக்கம் போனது. சித்திரை வெயிலிலும் கழுத்து வரை போர்த்திக்கொண்டு சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தார் மரியமுத்து. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

தலத்தெருவில் ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு, என்றால்தான் அந்த வீடு தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர் மரியமுத்து. போன இடத்துக் கடல்களில் பார்த்த பவளத்தை மறக்க முடியாமல், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து உயிரோடு வரவழைத்து, கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். பிள்ளைகள் இல்லை. கூடத்தில் ஐந்து தொட்டிகள்தான் பதினோரு வருஷமாக.

மாசி மாசம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து ஐந்தையும் பார்த்துக்கொள்வது இருதயமேரிதான்.

“கீழ ஒரு பெரிய தொட்டி வைங்க. அஞ்சு தொட்டித் தண்ணியும் வழிஞ்சு அதுல விழணும். அங்கேருந்து மோட்டாரு மறுபடி அஞ்சுக்கும் ஏத்தி அனுப்பணும். உப்பு பாக்குறது, தண்ணி மாத்துறது எல்லாம் அந்த ஒரே எடத்துல முடிஞ்சிடணும்.”

மளிகைச் சாமான் லிஸ்டை வாசிப்பது போலிருந்தது அவள் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“வே...ணாம்,” என்றார் நாற்காலியில் இருந்தவர். வார்த்தைகள் குழறின. “ஒண்ணுக்கு... சீக்கு வந்தா... அஞ்சும் போயிடும்.”

“வந்தா வரட்டும்.” அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காதர் பாட்சாவுக்குச் சுருக்கென்றது. டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார்.

“தொறந்து மூடுற வால்வு எல்லாத்தையும் தூணுக்கு இந்தப் பக்கம், இடது கைக்கு வர்ற மாதிரி வைங்க. முட்டிக்கு மேல, இடுப்புக்குக் கீழ.”

“ஒவ்வொரு தடவையும் குனியணுமேம்மா. உங்களுக்கு முதுகு விட்டுப்போயிடும்.”

“பரவாயில்ல.”

“பித்தளை வால்வு போட்டுடட்டுமா? காலத்துக்கும் உழைக்கும்.”

“பித்தளை, செம்பு எதுவும் தண்ணியில படக்கூடாது பாய். பவளம் செத்துடும். பிளாஸ்டிக்கே போடுங்க.”

இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறவள், புருஷன் கண்ணெதிரே இப்படிச் செய்கிறாளே என்றிருந்தது காதர் பாட்சாவுக்கு. ஆள் போய்ச் சேர்வதற்குள்ளேயே கடையைக் கட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். வேலை குறைய வேண்டும், அவ்வளவுதான் இவளுக்கு.

இரண்டு நாள் குழாயை அறுத்தார், பசை போட்டு ஒட்டினார். அந்த இரண்டு நாளும் புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை பேசி அவர் கேட்கவில்லை. வேளைக்குக் கஞ்சி ஊட்டினாள், வாயைத் துடைத்துவிட்டாள், மறுபடி தொட்டிப் பக்கம் வந்து நின்றாள். முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் சலசலவென்று ஐந்து தொட்டிக்கும் ஏறி, ஐந்திலிருந்தும் வழிந்து, கீழே ஒன்றாக விழுந்தது. முதலில் கல்லாகச் சுருங்கிக்கொண்ட பவளங்கள், கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக மொட்டு விட்டு விரிந்தன.

இருதயமேரி சக்கர நாற்காலியைத் தூணருகே தள்ளிக்கொண்டு வந்தாள். போர்வையை விலக்கி, அவருடைய இடது கையை எடுத்து வால்வின் மேல் வைத்தாள்.

“நீங்க திருப்புங்க.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு திருப்பினார். கை நழுவியது.

“இன்னொரு தடவ.”

மறுபடியும் நழுவியது. “இன்னொரு தடவ,” என்றாள் அதே குரலில். நாலாவது தடவை வால்வு திரும்பியது. கடைசித் தொட்டியில் தண்ணீர் சீராக விழுந்தது. கோணிய வாயின் ஓரம் லேசாக அசைந்தது. சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை.

சாகப்போகிற மனுஷனுக்கு இந்தச் சந்தோஷத்தையாவது கொடுக்கிறாளே என்று காதர் பாட்சா ஆறுதல்பட்டுக்கொண்டார்.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தவருக்கு மனசு கேட்கவில்லை. வாசல் கேட் வரை வந்த இருதயமேரியிடம் சொல்லியே விட்டார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. அவரு வேணாம் வேணாம்னு சொன்னாரு. இருக்குற வரைக்கும் அவரு இஷ்டப்படி தனித்தனியாவே விட்டிருக்கலாம். அவரு காலத்துக்கு அப்புறம் நீங்க ஒண்ணாக்கியிருந்தா யாரு கேக்கப் போறா?”

இருதயமேரி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மரியமுத்து இடது கையால் வால்வை மெல்லத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“சோறாக்கிப் போட, குளிப்பாட்ட எல்லாம் கோயில்ல சொல்லி ஆள் ஏற்பாடு பண்ணிட்டேன் பாய். இந்தத் தொட்டி வேலைய மட்டும் யாரும் செய்ய மாட்டேன்னுட்டாங்க. அஞ்சு தொட்டிக்கும் அலையறதுக்கு அவரால முடியாது. இப்ப உக்காந்த எடத்துலயே பாத்துக்குவாரு.”

“அலையறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களேம்மா?”

அவள் கேட்டைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“டாக்டரு சொல்லிட்டாரு. முந்திப் போகப்போறது நான், பாய்.”