கூரை வழியே விழுந்த பிறைகள்

கிரகணம் விட்டது.

அவன் சொன்ன நாழிகையில் பிடித்து, அவன் சொன்ன நாழிகையில் விட்டது. இம்மியும் பிசகவில்லை.

சங்கை எடுத்து ஊதினான். அடைத்துக் கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தீவே கடற்கரைக்கு இறங்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அவன் கற்றுக்கொடுத்தபடியே கிழக்குப் பார்த்து முங்கி எழுந்தார்கள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பெருமைச் சிரிப்புதான்.

நாகப்பட்டினத்து வணிகர்களோடு மரக்கலம் ஏறி இந்தத் தீவில் வந்து இறங்கியபோது அவனிடம் இருந்தது ஒரு பை சோழியும் கொஞ்சம் திருநீறும். சோழியைப் பரப்பிக் கணக்குப் போட்டான். இன்ன நாளில் சூரியன் கறுக்கும் என்றான். கறுத்தது. அன்றைக்கே தீவு அவன் காலில் விழுந்தது. பிறகு கோயில் எழும்பியது.

மந்திரம் கால், மதி முக்கால் என்பார்கள். அவன் முக்கால் பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கால் பங்கை மட்டும் ஊருக்குக் கொடுத்தான்.

நிலவு குறுக்கே வருகிறது. நிழல் விழுகிறது. விஷயம் அவ்வளவுதான். கணக்குப் படித்தவன் எவனுக்கும் அது தெரியும்.

ஆனால் நிழலுக்கு யார் கோயில் கட்டுவார்கள்?

பாம்பு என்றான். சூரியனை விழுங்க வரும் பாம்பு. கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருங்கள் என்றான். கர்ப்பிணியின் மேல் ஒரு பொட்டு வெளிச்சமும் படக்கூடாது என்றான். அவன் அம்மா அப்படித்தான் சொல்வாள்.

அவன் வருவதற்கு முன்பு, சூரியன் கறுத்தால் தீவுக்காரர்கள் வெளியே ஓடிவருவார்கள். உரலைத் தட்டிக் கூச்சல் போடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளை நடுவில் உட்காரவைத்து ஊரே சுற்றி நிற்கும். அதைக் கேள்விப்பட்டபோது, என்ன மூட ஜனம் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

இப்போது எவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்கள்.

கடலில் முங்கிய கூட்டத்தில் அவாங் இல்லை.

அவாங் படகு கட்டுகிறவன். தீவில் முதன்முதலாகத் திருநீறு பூசிக்கொண்டவன் அவன்தான். அவன் மனைவி மெலூருக்கு நிறைமாதம். முதல் பிள்ளை.

கோயில் வாசலில் அவாங் வந்து நின்றான். குளிக்கவில்லை. கையில் மக்கிப்போன கூரை ஓலை ஒன்று.

"தப்பு என்மேலதான் ஐயா."

சொல்லிவிட்டு அழுதபடியே தரையில் உட்கார்ந்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே கதவ அடைச்சேன். சுவர் இடுக்குல எல்லாம் பாய் கட்டுனேன். பாம்பு பிடிக்கிற நேரம் பார்த்து அவளுக்கு வலி கண்டுருச்சு. மருத்துவச்சி வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். போய்க் கூட்டிட்டு வா, போய்க் கூட்டிட்டு வான்னு கதறினா. தாழ்ப்பாள்மேல கைய வச்சுக்கிட்டு நின்னேன். தொறக்கல ஐயா. உங்க சொல்ல மீறல."

ஓலையை நீட்டினான். அதில் ஓட்டைகள் இருந்தன.

"கூரையத்தான் பார்க்காம விட்டுட்டேன். அது வழியா வெளிச்சம் விழுந்து, அவ வயித்துமேல பிறை பிறையா... பாம்புப் பல்லு பட்ட மாதிரி. கைய வச்சு மறைச்சேன். கைமேல விழுந்துச்சு. பாம்பு விட்டதும் ஓடிப்போய் மருத்துவச்சியக் கூட்டிட்டு வந்தேன். அதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிருச்சு."

அவனுக்கு அந்தப் பிறைகளைத் தெரியும்.

அதே நேரம் அவனும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோயில் முற்றத்துப் புன்னை மரத்தடியில், இலைகளின் இடுக்கு வழியாகத் தரையெல்லாம் பிறை. சூரியன் எப்படித் தேய்கிறதோ அப்படியே தேய்ந்து காட்டும் வெளிச்சம். கணக்கு சரி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். உள்ளங்கையை நீட்டி, ஒரு பிறையை ஏந்தி, விளையாடினான்.

ஊரில் வெளியே நின்றவன் அவன் ஒருவன்தான்.

அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கூரையால இல்ல, அவாங்."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவாங் நிமிர்ந்து பார்த்தான். அழுகை நின்றிருந்தது.

"அப்ப, கதவத் தொறந்திருக்கலாமா ஐயா?"

கடலில் குளித்தவர்கள் ஈரத் துணியோடு படியேறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவளுக்கு ஐந்து மாதமோ ஆறு மாதமோ. மேடிட்ட வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையைத் திருநீற்றுக்காக நீட்டியபடி வந்தாள்.

உண்மையைச் சொன்னால் கோயில் போகும். போகட்டும். ஆனால் தாழ்ப்பாள்மேல் கை வைத்து நின்ற அந்த நேரத்தை அவாங் ஆயுளுக்கும் சுமக்க வேண்டும். அவாங்குக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்படித் தோன்றுவது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்றும் தோன்றியது.

புன்னை மரத்தடியில் வெளிச்சப் பொட்டுகள் பழையபடி வட்டமாகிவிட்டிருந்தன.

"தொறந்திருக்கக் கூடாது" என்றான். "கூரையாலதான்."

அவாங் பெருமூச்சு விட்டான். நெற்றியை அவன் பாதத்தில் வைத்தான். சூடாக இருந்தது. எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, படியில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தான்.

"இனிமே யாருக்கும் இப்படி ஆகக் கூடாது ஐயா. அடுத்த பாம்பு வர்றதுக்குள்ள, ஊர்ல ஒரு வீடு விடாம நானே கூரை வேஞ்சுடுறேன். பொட்டு வெளிச்சம் உள்ள வராது. அது எப்பன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான்.

சொன்னான்.