கிரீடம் வைத்த அலமாரி

மலாயாவின் யோங் பெங் தோட்டத்தில், தலைமைக் கணக்கரான பெரிய கிராணியாரின் வீட்டுக் கூடத்தில், தச்சர் சந்தனசாமி ஏணிமேல் நிற்கிறார். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களா அலமாரிக்கு இருப்பதைப் போலவே செய்த தேக்குக் கிரீடத்தை நான்காம் தடவையாக இந்த அலமாரியின் தலையில் தூக்கி வைக்கிறார். நான்காம் தடவையாக அது கூரைப் பலகையில் முட்டுகிறது. தோள் மரத்துவிட்டது. தகரக் கூரைச் சூட்டில் வியர்வை மூக்கு நுனியில் தொங்குகிறது. “நாலு அங்குலம் இடிக்குதுங்க ஐயா. கிரீடம் வேணாமே.” விசிறியோடு கீழே நிற்கும் கிராணியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். “நாலு மணிக்குத் தொரை டீ குடிக்க வர்றாருய்யா. கிரீடம் இல்லாம என்ன அலமாரி? அலமாரிக் கால வெட்டு.” சந்தனசாமி குனிந்து பார்க்கிறார். பத்து நாள் தரையில் உட்கார்ந்து நகம் நகமாகச் செதுக்கிய நான்கு சிங்கப் பாதங்கள். கிரீடம் ஒரு நாள் வேலை. “சிங்கக் காலுங்க…” “தொரை மேலதான்யா பாப்பாரு.” அவர் இறங்கி, அலமாரியை மெல்லச் சாய்த்து, ரம்பத்தை எடுக்கிறார். மரத்தூள் தரையில் மஞ்சளாகப் படிகிறது. நிமிர்த்தி வைத்து மறுபடி ஏணியேறியதும் கிரீடம் கச்சிதமாகப் பொருந்துகிறது. கிராணியார் எட்டி நின்று ரசிக்கிறார். “எப்படி, ராஜா மாதிரி இருக்கா?” “இருக்குங்க ஐயா,” என்கிறார் சந்தனசாமி, நான்கு பாதங்களையும் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே. “நிக்கத்தான் கால் இல்ல.”