மருதம்பட்டை வளையம்

வளையம் விழவில்லை.

கண்ணாடித் தட்டை லேப் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். மருதம்பட்டைச் சாற்றில் நனைத்த காகித வில்லையின் விளிம்புவரை கிருமிகள் அப்பிக் கிடந்தன. பயமே இல்லை சனியன்களுக்கு.

எட்டு மாதமாக இதே மாதிரி வில்லையைச் சுற்றிப் பெரிய பொட்டு அளவுக்குக் கிருமி அண்டாத வட்டம் விழுந்தது. அதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பியவளும் இவள்தான்.

அவருக்குச் சர்க்கரை. கால் பெருவிரலில் ஆறாத புண். ஆஸ்பத்திரி மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றார். அப்படியானால் நிறுத்துங்கள், பட்டைக் கஷாயத்தில் கழுவினால் போதும் என்றாள். மகள் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

இன்னொரு தட்டை எடுத்தாள்.

அதிலும் இல்லை.

மூன்றாவதிலும் இல்லை.

ஒரே வித்தியாசம்தான். இத்தனை நாளும் வில்லைகளை ஊறவைத்துத் தந்தவள் எஸ்தர். ஒரே லேப், ஒரே விடுதி அறை, ஒரே டிபன் டப்பா. அவள் ஊருக்குப் போனதால் இந்த முறை இவளே நனைத்தாள்.

போன் போட்டாள்.

எஸ்தர் முதலில் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“மொதத் தட்டுல ஒண்ணும் வரலன்னு நீ அழுத அழுகையச் சகிக்க முடியலட்டி. சாத்துல ரெண்டு சொட்டு ஆன்டிபயாடிக் ஊத்துனேன். ஒரு தடவதான்னு நெனச்சேன்.”

போனைத் துண்டித்தாள்.

கூடவே உண்டு, கூடவே உறங்கிக் கழுத்தை அறுத்துவிட்டாள். அதையும் பாசமாகத்தான் அறுத்திருக்கிறாள்.

ஆய்வேடு போகட்டும். மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

அப்பாவை அழைத்தாள்.

“புண்ணு நல்லா ஆறிட்டு வருதும்மா. ஒம் மருந்துல்லா!”

இரண்டு மாதமாகத் தினமும் இதே பதில்தான். இவளும் தினமும் மனம் குளிர்ந்துபோவாள்.

“வீடியோல வந்து காலக் காட்டுங்கப்பா.”

அந்தப் பக்கம் இருமினார். யாரையோ கூப்பிடுவது போல் ஏதோ சொன்னார்.

“இங்க வெளிச்சம் பத்தாதும்மா.”

மணி பகல் பன்னிரண்டு.